நவமி நாளில் ஒரு நட்டு

கரமனை அக்ரகாரத்தில் அன்றைக்கு எல்லாரும் சும்மா இருந்தார்கள், சுப்புலக்ஷ்மியைத் தவிர. மகாநவமி. புத்தகம், பேனா, கத்தரிக்கோல், தையல் மெஷின் என்று வேலைக்கு உதவுகிற சாமான் எல்லாவற்றையும் முந்தின நாள் சாயங்காலமே சரஸ்வதிக்கு முன்னால் வைத்தாகிவிட்டது. மறுநாள் விஜயதசமியன்று காலையில் புனர்பூஜை முடிகிற வரைக்கும் ஒருத்தரும் ஒன்றையும் தொடக்கூடாது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்குத் தூக்கம். சுப்புலக்ஷ்மி மட்டும் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுவாள், எடுப்பாள், மறுபடி செருகுவாள்.

கொல்லைக் கோடியில், ஆற்றங்கரையை ஒட்டி, ஓட்டுக் கொட்டகை. அதற்குள் பின்சக்கரம் கழற்றப்பட்டு, ஜாக்கியின் மேல் ஒருக்களித்து நின்றது மோரிஸ் மைனர். அவள் புருஷன் வெங்கடேஸ்வரன் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கின வண்டி. ஊரெல்லாம் மாருதிக்கு மாறின பிறகும் அவர் அதில்தான் ஆபீசுக்குப் போனார், வந்தார். போன வருஷம் சர்க்கரை கண்ணில் இறங்கியது. இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று அவர் பேச்செடுத்த அன்று, ரசத்தைப் பரிமாறிக்கொண்டிருந்த சுப்புலக்ஷ்மி, "ஏன், நான் ஓட்டறேனே" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப விழுங்க அவளுக்கு இஷ்டமில்லை. கோயிலோ ஆஸ்பத்திரியோ அக்கா வீடோ, யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் போவது என்று நாற்பத்தைந்து வயது வரைக்கும் இருந்தாகிவிட்டது. மதி, இனி போதும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

வெங்கடேஸ்வரன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் சாது. சாதுக்களின் பிடிவாதம் தனி ரகம், சத்தமே போடாது. "வித்தை எதுவானாலும் விஜயதசமிக்குத் தொடங்கணும். அன்னிக்கு ஸ்டியரிங்கைத் தொட்டயானா ஓட்டிக்கோ. இல்லேன்னா கோட்டயத்துக்காரன் ஒருத்தன் வண்டியைக் கேட்டுண்டே இருக்கான், கொடுத்துடறேன்" என்று முடித்துவிட்டார். அவள் ஆர்.டி.ஓ. ஆபீசில் கால் கடுக்க நின்று பழகுநர் லைசென்ஸ் வாங்கி வந்தாள். விஜயதசமி காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, புத்தரிக்கண்டம் மைதானத்தில் முதல் ரவுண்டு என்று திட்டம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அஷ்டமியன்று மத்தியானம் பின்சக்கரத்தடியில் எண்ணெய் குளம் கட்டி நின்றது. பிரேக் மிதித்தால் பெடல் தரைவரைக்கும் போயிற்று.

பிரேக்கைப் பார்க்க வந்திருந்தவன் ஞானையன். மார்த்தாண்டத்துக்காரன், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் தாணுமாலையன் என்பவனோடு கூட்டாக வொர்க்ஷாப் வைத்திருந்தான். சக்கரத்துக்குள் இருக்கிற சின்ன பிரேக் சிலிண்டர் ஒழுகுகிறது, அதைக் கழற்றிப் புதுசு மாட்டினால் போதும் என்று பார்த்த உடனே சொல்லிவிட்டான். புது சிலிண்டரும் கையில் இருந்தது. வெங்கடேஸ்வரன் எப்போதோ கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். சிலிண்டரில் வந்து சேருகிற பிரேக் பைப்பின் நட்டைக் கழற்றவேண்டும், அவ்வளவுதான். அந்த நட்டுதான் அசையமாட்டேன் என்றது. வருஷக்கணக்காக மழைத்தண்ணீரும் ஆற்றங்கரை ஈரமும் தின்று, நட்டும் சிலிண்டரும் ஒரே துருவாக ஒட்டிப்போயிருந்தன.

"துரு பெரிய விஷயமில்லம்மா. கையில ஸ்பானர் இல்லியே, அதாக்கும் விஷயம்" என்றான் ஞானையன்.

அவன் சொன்னது சத்தியம். ஞானையன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். பூஜை அவனுக்கு இல்லை. ஆனால் கூட்டாளி தாணுமாலையன் இரண்டு பேருடைய சாமானையும் சேர்த்துப் பூஜைக்கு வைத்து, சந்தனம் தெளித்து, ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியோடு சுசீந்திரத்துக்குப் போய்விட்டான். வருஷா வருஷம் நடப்பதுதான். ஞானையனும் ஒரு நாள் லீவு கிடைத்த சந்தோஷத்தில் ஆட்சேபித்ததில்லை. இன்றைக்கு, தெரிந்த சைக்கிள் கடையிலிருந்து இரண்டு ஸ்பானரும் ஒரு சுத்தியலும் இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். கேட்ட மற்ற இடத்திலெல்லாம் ஸ்பானர்கள் பொட்டு வைத்துக்கொண்டு சரஸ்வதியைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

இரவல் ஸ்பானர் மில்லிமீட்டர் கணக்கு. மோரிஸோ இங்கிலீஷ்காரன் அங்குலக் கணக்கு. பதினொன்று நட்டின்மேல் ஏறவில்லை, பன்னிரண்டு லொடலொட என்று ஆடிற்று. ஞானையன் நட்டைச் சுற்றிக் கம்பித்தூரிகையால் தேய்த்தான், மண்ணெண்ணெய் விட்டான், சிலிண்டரைச் சுத்தியலால் பைய தட்டினான். சுப்புலக்ஷ்மி கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்தாள். துணியை முக்கி நட்டின்மேல் சுற்றினான். விளக்கு வைத்துச் சூடாக்கினால் என்ன என்று அவள் கேட்டதற்கு, பிரேக் ஆயில் தீப்பிடித்தால் வண்டியோடு கொட்டகையும் போய்விடும் என்றான்.

"முதல்ல கொஞ்சம் முறுக்கணும். இறுகுற பக்கமா ஒரு தொடு. பொறவுதான் இளகுற பக்கம் திருப்பணும். துருவுக்கும் ரோஷம் உண்டு பாத்தியளா, நேரா இழுத்தா வராது."

இறுகுகிற பக்கம் ஒரு தொடு தொட்டான். அப்புறம் இளகுகிற பக்கம். ஸ்பானர் சரக்கென்று வழுக்கி அவன் விரல் முட்டி பிரேக் தட்டில் மோதியது. நட்டின் ஒரு முனை மழுங்கிப் பளபளத்தது. சுப்புலக்ஷ்மிக்குத் தன் பல்லே உடைந்தது போலிருந்தது.

"இன்னும் ஒரு தடவ வழுக்கினா நட்டு உருண்டையாயிரும். பின்ன பைப்ப வெட்டாம வழியில்ல. புது பைப்பு வளைச்சு எடுக்க, கடையெல்லாம் பூஜை கழிஞ்சு தொறக்கணும்" என்றான் ஞானையன், ரத்தம் கசிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு. "இந்த வண்டியோட வந்த ஸ்பானர் பொதி ஒண்ணு உண்டும்மா. கான்வாஸுல சுருட்டி வச்சது. அதுல ரிங் ஸ்பானர் ஒண்ணு, வாயில சின்ன வெட்டு விட்டது, பைப்பு உள்ள நுழையறதுக்கு. அது நட்ட முழுசாப் பிடிச்சிரும். காலையிலயே சாரிட்ட கேட்டேன். பூஜையில இருக்குன்னாரு."

அதுதான் காலையிலிருந்து அவளை உலுக்கிக்கொண்டிருந்த விஷயம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. இங்கே பூசாரி கூடத்தில் ஈஸிசேரில் சாய்ந்து ரேடியோவில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு தரம் போய்க் கேட்டுவிட்டாள். முதல் தரம், "பூஜைல வெச்சதை நவமியன்னிக்கு எடுக்கப்படாது, நோக்குத் தெரியாததா" என்றார். இரண்டாம் தரம், "நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆனதும் எடுத்துக் கொடுக்கறேனே" என்றார். காலையில் எடுத்து, கழற்றி, மாட்டி, பிரேக்கிலிருந்து காற்றெடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிடும். மத்தியானத்தோடு தசமி போய்விடுகிறது என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. அது அவருக்கும் தெரியும். பஞ்சாங்கம் அவர் தலைமாட்டில்தான் இருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஞானையன் இன்னொரு தரம் மண்ணெண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று பீடி பற்றவைக்க ஆற்றங்கரைக்குப் போனான். சுப்புலக்ஷ்மி கை காலைக் கழுவிக்கொண்டு பூஜை அறைக்குள் நுழைந்தாள். எடுக்கவேண்டும் என்று போகவில்லை. எடுக்கட்டுமா என்று சரஸ்வதியிடமே கேட்டுவிடலாம், புருஷனைவிட அவள் நியாயம் தெரிந்தவளாக இருப்பாள் என்று போனாள்.

பலகையின்மேல் பட்டு விரித்து, அதன்மேல் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் கத்தரிக்கோல், பேனாக்கள், மோரிஸின் சாவி. எல்லாவற்றிலும் அவள் கையால் வைத்த சந்தனமும் குங்குமமும். இந்த விஷயத்தில் அவள் பெயர்பெற்றவள். தெருவில் கேலி பேசுவார்கள். போன வருஷம் தையல் ஊசிக்குக்கூடப் பொட்டு வைத்தவள் என்று. நமஸ்காரம் பண்ணி எழுந்தபோது, பாகவதத்துக்கு அடியிலிருந்து ஒரு கான்வாஸ் நுனி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பாகவதத்தின் அட்டையில் இருந்த பொட்டு இழுபட்டுக் கலைந்திருந்தது. காய்ந்த பிறகு யாரோ விரலை வைத்துத் தூக்கியிருக்கிறார்கள்.

சுப்புலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். கான்வாஸில் பொட்டு இல்லை. மெதுவாக உருவி, முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒவ்வொரு ஸ்பானராகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. நேற்று சாயங்காலம் இந்தப் பொதி இங்கே இருந்திருந்தால் அவள் பொட்டு வைக்காமல் விட்டிருப்பாளா? காலையில் ஞானையன் வந்து ஸ்பானர் கேட்ட பிற்பாடு, வெங்கடேஸ்வரன் சஹஸ்ரநாமம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று இந்த அறைக்குள் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. சஹஸ்ரநாமம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்ததும் ஞாபகம் வந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. காதுமடல் சுட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. சொன்ன ஒரு பொய்யைச் சரஸ்வதிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்.

கூடத்துக்குப் போய் ரேடியோவை அணைத்தாள். பொதியை அவர் மடியில் வைத்தாள்.

"இதுல பொட்டு இல்லை."

வெங்கடேஸ்வரன் பொதியைத் தடவினார். கண் சரியாகத் தெரியாதவர் என்பதால் தடவுகிறாரா, பதில் தேடித் தடவுகிறாரா என்று அவளால் சொல்லமுடியவில்லை.

"நீ மறந்திருப்பே" என்றார்.

"நானா?"

அவர் அதற்குமேல் அந்த வழியில் போகவில்லை. "எனக்கு என்னமோ பயமா இருந்தது சுப்பு" என்றார்.

"எதுக்குப் பயம்? நான் எங்கேயாவது முட்டிடுவேன்னா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பொதியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பூஜையில் வைக்காத சாமானை எடுக்க யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

பீடி முடிந்து திரும்பியிருந்த ஞானையன் பொதியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், வெட்டு விட்ட ரிங் ஸ்பானரை உருவினான். பைப்பின்மேல் நுழைத்து நட்டின்மேல் இறக்கினான். கச்சிதமாக உட்கார்ந்தது. இறுகுகிற பக்கம் ஒரு தொடு. அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இளகுகிற பக்கம் இழுக்காமல் வெறுமனே அழுத்திக்கொண்டே இருந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. சுப்புலக்ஷ்மியும் மூச்சை விடவில்லை. டக்கென்று ஒரு சத்தம்.

"ஒடஞ்சுதா?" என்றாள்.

"இளகிச்சும்மா" என்றான் ஞானையன். நட்டு துருப்பொடியை உதிர்த்துக்கொண்டு சுற்றி வந்தது. பைப்பு முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருந்தது. சுப்புலக்ஷ்மிக்கு அழுகை வந்தது. ஒரு துருப்பிடித்த நட்டுக்காக அழுவதா என்று வெட்கப்பட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்து அந்தண்டை வைத்தாள்.

புது சிலிண்டர் ஏறியது. எண்ணெய் ஊற்றி, இனி பைப்புக்குள் இருக்கிற காற்றை வெளியேற்றவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருத்தர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து காற்றை விட்டு மூடவேண்டும். எப்போதும் வெங்கடேஸ்வரன்தான் மிதிப்பார். ஞானையன் பழக்கதோஷத்தில், "சார், வந்து சவிட்டித் தாங்க" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டான்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது டிரைவர் சீட்டில் சுப்புலக்ஷ்மி இருந்தாள். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேலே இழுத்துக்கொண்டு, வலது பாதத்தைப் பிரேக்கின்மேல் வைத்திருந்தாள். நவமியன்று, நாள் பார்க்காமல்.

"சவிட்டுங்கம்மா. பிடிச்சுக்கோங்க. விடுங்க. இன்னொரு தடவ."

அவள் மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். முதலில் பஞ்சாக அமுங்கிய பெடல் மெல்ல மெல்ல எதிர்த்துத் தள்ள ஆரம்பித்தது. வெங்கடேஸ்வரன் ஜன்னலோரம் வந்து நின்றார். வண்டியின் கூரையில் கையை வைத்துக்கொண்டார். விஜயதசமிக்குத்தான் தொடங்கணும் என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். பதிலும் தயாராக வைத்திருந்தாள்.

"ஓட்டப் பழகினப்புறம்," என்றார் அவர், "எங்கேயாவது போனியானா, இருட்டறதுக்குள்ள வந்துடுவியோ?"

சுப்புலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுடையது. கல்யாணமான நாளிலிருந்து, அவர் வண்டியை வெளியே எடுக்கும்போதெல்லாம் அவள் கேட்டது. "பார்க்கலாம்" என்று முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். மழையானாலும் மின்சாரம் போனாலும் வாசலில் நின்று, பாலத்தில் ஏறுகிற ஒவ்வொரு வண்டிச் சத்தத்தையும் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். எதுக்குப் பயம் என்று கூடத்தில் கேட்டாளே, அதற்கு இதுதான் பதில் என்று அவளுக்குப் புரிந்தது.

பார்க்கலாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஒருத்தரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது.

"பிடிச்சுக்கோங்கம்மா, விடாதீங்க" என்றான் ஞானையன் சக்கரத்தடியிலிருந்து.

அவள் காலை எடுக்கவில்லை. பெடல் கல்லாக நின்றது.

"வந்துடுவேன்" என்றாள். "ஆனா வாசல்ல நின்னுண்டு இருக்காதேங்கோ. கால் ரொம்பக் கடுக்கும்."