ஏலக் கொட்டகைச் சங்கிலி

பாயில் காய்ந்த சூடைக் கருவாட்டைப் பிரான்சிஸ்கா கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். சோளகக் காற்று ஓலை வேலியைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. கை கருவாட்டில் இருந்தாலும் காது வேலிக்கு வெளியே ஒழுங்கையில்தான் இருந்தது. ரியூசனுக்குப் போன மகள் ஜெனிற்றா இந்நேரம் வந்து, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, “அம்மா, தேத்தண்ணி” என்று கேட்டிருக்க வேண்டும்.

மகளுக்குப் போன் எடுத்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. வழியில் சைக்கிள் ஓடிக்கொண்டு வருவாள், அதனால் எடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூடையை உள்ளே வைத்தாள். திரும்பவும் எடுத்தாள். திரும்பவும் மணி மட்டும் போனது.

பேசாலைக்கு அப்பால் இருக்கும் சூசையப்பர்கரையில் பிரான்சிஸ்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. கருவாட்டு வியாபாரம், அதோடு மாதர் சங்கத் தலைவி. புருசன் அந்தோனி முல்லைத்தீவுப் பக்கம் கரையில் வாடிக் குடில் அடித்துத் தங்கி மீன்பிடித் தொழிலுக்குப் போயிருந்தான். வீட்டையும் ஊரையும் தனியே கட்டி ஆள்கிறாள் என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு ரியூசன் வீட்டுக்கு நடந்தாள். வழியில் சங்கச் செயலாளர் றோசம்மா வேலிக்கு மேலால் எட்டி, “எங்க இந்த நேரத்தில?” என்று கேட்டாள்.

“சும்மா, சீனி வாங்க.”

பொய் தானாக வந்தது. பெண்பிள்ளையைக் காணவில்லை என்று ஒருத்திக்குச் சொன்னால், பொழுது படுவதற்குள் ஊர் அவளுக்கு ஒரு பெடியனையும் தேடிப் பிடித்துக் கலியாணமும் கட்டி வைத்துவிடும். அந்தப் பயத்தில் பிரான்சிஸ்கா ஓடவும் இல்லை. மெல்ல நடந்தாள்.

ரியூசன் றீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“ஜெனிற்றா செவ்வாய்க்கிழமையில வாறதில்லையே. ஒரு மாதமாய் வாறதில்லை. வீட்டில வேலை, அம்மாவுக்கு உதவி எண்டு சொன்னாள்.”

பிரான்சிஸ்கா திரும்பி நடந்தாள். வாசலைத் தாண்டும்போது மகளோடு படிக்கும் மேரிசெல்வி பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, “டிலக்‌ஷனைக் கேட்டுப் பாருங்கோ அன்ரி” என்றாள். சொன்ன கையோடு உள்ளே ஓடிவிட்டாள்.

டிலக்‌ஷன், ஓட்டோக்கார லோறன்ஸின் மகன். பதினாறு வயது. ஆக, ஊர் சொல்லப்போவதைத் தாயின் மனமே முதலில் சொல்லிவிட்டது. லோறன்ஸின் படலை வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் பிரான்சிஸ்கா மகளை மனதுக்குள் நாலு அடி அடித்தும் விட்டாள், கட்டிப்பிடித்து அழுதும் விட்டாள்.

டிலக்‌ஷன் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். சின்னச் சில்லு, தடித்த ரயர், இருக்கை எங்கேயோ கீழே. ஜெனிற்றாவின் சைக்கிளும் அச்சாக இப்படித்தான். மன்னார் ரவுணில் ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த பழைய சைக்கிள்களுக்குள் பிரான்சிஸ்காவே பொறுக்கி எடுத்தது அது. மகள் கட்டை, சைக்கிளும் கட்டை, ரியூசனுக்குப் போய்வர நல்லது என்று நினைத்தாள். அது பி.எம்.எக்ஸ்., பாய்ந்து விளையாடுகிற சாதி என்று விற்றவன் சொல்லவில்லை. வாங்கினவளும் கேட்கவில்லை.

“ஜெனிற்றா எங்க?”

“இன்னும் வரேல்லையோ?” பெடியனின் முகம் வெளிறியது. கையிலிருந்த எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தான். “நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன் அன்ரி. நீங்கள் இதில இருங்கோ.”

“எங்கயிருந்து?”

அவன் சைக்கிளை நிமிர்த்தப் போனான். சத்தம் கேட்டு வெளியே வந்த லோறன்ஸ் இடுப்புப் பட்டியை உருவினான். “டேய், அக்கா கேக்கிறா. வாயைத் திற.”

பிரான்சிஸ்கா குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்தாள். “அடிக்காதை லோறன்ஸ். தம்பி, நான் வந்தா உனக்கு என்ன?”

“நீங்கள் வந்தா இடம் தெரிஞ்சிடும். அதையும் மூடிப்போடுவியள்.” அவனுக்கு அழுகை வந்துவிட்டது. “எங்களுக்கு இனி வேற இடம் இல்லை.”

எதை மூடியதைச் சொல்கிறான் என்று அவளுக்கு உடனே விளங்கியது. ஆனால் வெயில் சரிந்துகொண்டிருந்தது, நின்று யோசிக்க நேரமில்லை.

“இனி உங்களைக் கலைக்கமாட்டன். மாதா சத்தியம். ஏறு ஓட்டோவில.”

“போன மாதமும் பெரியாக்கள் ‘கதைச்சு முடிவெடுப்பம்’ எண்டுதான் சொன்னவை. பிறகு சங்கிலிதான் வந்தது” என்றான் டிலக்‌ஷன். சொல்லிக்கொண்டே ஏறியும் விட்டான்.

ஓட்டோ கரை ரோட்டில் திரும்பியது. முதலில் வந்தது மீன் ஏலக் கொட்டகை. காலையில் மட்டும் ஏலம் நடக்கும், பிறகு நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். வழுவழுப்பான சீமெந்துத் தளம், மேலே நல்ல கூரை. வாசலுக்குக் குறுக்கே புதுச் சங்கிலி தொங்கியது. போன மாதம் யாரோ ஒரு பெடியனின் சில்லு தட்டி றோசம்மாவின் மீன்கூடை கவிழ்ந்தபோது, “உருப்படாத கூட்டம், கொட்டகையைப் பூட்டுங்கோ” என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தியவள் பிரான்சிஸ்காதான். அன்று இரவு ஜெனிற்றா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். தலையிடியாக்கும் என்று தாய் நினைத்தாள்.

இப்போது கொட்டகைக்குள் மூன்று கழுதைகள் படுத்துக் கிடந்தன. பிள்ளைகள் சங்கிலிக்குக் கட்டுப்பட்டார்கள், கழுதைகள் அதற்குக் கீழால் புகுந்துவிட்டன. கழுதை படுத்ததற்கு இந்த ஊரில் யாரும் கூட்டம் கூட்டவில்லை.

“இஞ்சதான் பழகத் தொடங்கினனாங்கள்” என்றான் டிலக்‌ஷன். “ஒரே இடத்தில நிண்டு முன் சில்லில சுத்துறது. பிளாட்லாண்ட் எண்டு சொல்லுறது. புதுசாப் பழகிறவைக்கு அதுதான் நல்லம், உயரத்திலயிருந்து விழத் தேவையில்லை. ஜெனிற்றாதான் எங்களுக்குள்ள கெட்டிக்காரி.”

தன் மகள் கெட்டிக்காரி என்பதை ஊரான் வீட்டுப் பிள்ளை சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது பிரான்சிஸ்காவுக்கு. அவள் போனைத் திரும்பவும் அழுத்தினாள். மணி போனது.

சந்திக்கு அப்பால், ரோட்டு வேலைக்குக் கொட்டி மிஞ்சிய கிரவல் மேடுகள் கிடந்தன. மேட்டில் ஏறிப் பாய்ந்து அடுத்த மேட்டில் இறங்குவதற்கு அவை தோதாம். சுற்றிவர முள்ளுக்கம்பி அடித்திருந்தது.

“இது ஆர் அடிச்சது?” என்று கேட்டாள்.

லோறன்ஸ் முன்னால் பார்த்தபடியே சொன்னான். “காணிக்காரர் கேட்டவர். நான்தான் நிண்டு அடிச்சுக் குடுத்தனான்.”

பழைய இறங்குதுறைப் படிகளில் யாரும் சைக்கிள் ஓடாதபடி யாரோ முள்ளு முள்ளான பனங் கருக்குமட்டைகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். படியிலும் திட்டிலும் ஏறி இறங்கி ஓடுவதும் ஒரு விதமாம், அதற்கும் ஒரு பெயர் சொன்னான் பெடியன். பிரான்சிஸ்காவின் காதில் பெயர் ஏறவில்லை. ஊருக்குள்ளே, ஆள் நடமாடுகிற இடத்திலே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலே இருந்த ஒவ்வொரு இடத்தையும் ஆளாளுக்குப் பிடுங்கிவிட்டிருந்தார்கள் என்பது மட்டும் ஏறியது.

“அதுக்குப் பிறகு எங்க போனியள்?”

“இறால் பண்ணைக்கு.”

லோறன்ஸ் சடாரென்று பிறேக்கைப் பிடித்தான். கரையோரம் பனைகளுக்கு அப்பால், எப்போதோ கைவிட்டுப் போன பண்ணை அது. சரிவான சுவர் வைத்த பெரிய சீமெந்துத் தொட்டிகள் தண்ணீர் வற்றிக் கிடந்தன. மாடு விழுந்து செத்த இடம். மீனவர்கள்கூட அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை.

“சரிவில இறங்கின வேகத்தில மற்றப் பக்கம் ஏறலாம்” என்று டிலக்‌ஷன் மெல்லச் சொன்னான். “நானும் எருக்கலம்பிட்டி இன்பாஸும் முதலே வந்திட்டம். அவனுக்குப் பின்னேர அசர் தொழுகை. எனக்கு அப்பா வந்திடுவார் எண்டு பயம். ஒருக்கா இன்னும் ஓடிப்போட்டு வாறன் எண்டு சொன்னவள்.”

“தனியவோ விட்டிட்டு வந்தனீ?” என்று லோறன்ஸ் கேட்டான். பெடியன் தலையைக் குனிந்துகொண்டான்.

மணலில் ஓட்டோவின் சில்லு புதைந்தது. இறங்கி ஓடினார்கள். இப்போது பிரான்சிஸ்கா ஓடினாள், யார் பார்த்தால் என்ன என்று ஓடினாள். ஓடிக்கொண்டே போனை அழுத்தினாள். காற்றுக்குள்ளே எங்கோ தூரத்தில் மகளுடைய போன் மணி கேட்டது.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தொட்டியின் விளிம்பில் ரியூசன் பை இருந்தது. பைக்குள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆளில்லை. பிரான்சிஸ்காவுக்குக் கீழே எட்டிப் பார்க்கத் துணிவு இல்லை.

“அம்மா” என்று கீழேயிருந்து கேட்டது.

தொட்டிக்கு அடியில் ஜெனிற்றா சுவரில் சாய்ந்து கிடந்தாள். காற்று கொண்டுவந்து போட்ட மணலில் சில்லு வழுக்கியிருக்கிறது. வலது கணுக்கால் வீங்கி, பாதம் ஒரு பக்கமாய்த் திரும்பியிருந்தது. தலையில் கவசம் இல்லை. சுவரில் தலை அடிபடாதது மாதாவின் கிருபைதான். ஏறப் பார்த்து, சறுக்கி, திரும்ப ஏறப் பார்த்து நகமெல்லாம் பிய்ந்திருந்தது. பிரான்சிஸ்கா சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கிப் போய் அவளைப் பிடித்தாள்.

“நீங்கள் எடுத்த போன் கோல் எல்லாம் கேட்டது அம்மா. எட்டேலாமப் போச்சு.”

லோறன்ஸ் ஓட்டோவுக்குள் இருந்த கயிற்றை எடுக்க ஓடினான். மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பிரான்சிஸ்கா ஒரு கேள்வி கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

“போன் கையில இருந்திருந்தா எடுத்திருப்பியோ?”

ஜெனிற்றா தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்தாள்.

“தெரியாது அம்மா. நீங்கள் ஏசுவியள் எண்டு பயமாக் கிடந்தது.”

முறிந்த காலோடு, பொழுது படுகிற நேரம், ஆளில்லாத குழிக்குள் கிடந்த பிள்ளைக்குப் பெற்ற தாய்தான் பெரிய பயமாக இருந்திருக்கிறாள். அந்தப் பதில் பிரான்சிஸ்காவை அடித்தது. அவள் ஏசவில்லை, அழவுமில்லை. மகளின் தலைமயிரில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கால் முறிவுதான், மாவுக்கட்டுப் போட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து சங்கம் கூடியபோது றோசம்மா முதலாவதாக எழுந்தாள்.

“அந்தத் தொட்டியைச் சுத்தி மதில் கட்டச் சொல்லி எழுதுவம். இனி ஒரு பிள்ளையும் இந்த விளையாட்டுக்குப் போகாது.”

“மதில் கட்டத்தான் வேணும், அது ஆபத்தான பள்ளம்” என்றாள் பிரான்சிஸ்கா. “ஆனா அதுக்கு முதல் கொட்டகையைத் திறப்பம். ஏலம் முடிஞ்சா அது சும்மாதானே கிடக்குது. தலையில கவசம் போட்டால்தான் தளத்தில ஏறலாம். பின்னேரத்தில ஆராவது ஒருத்தர் அதில இருந்து கிழிஞ்ச வலை பொத்துவம், கண்ணும் பிள்ளையளில இருக்கும்.”

“பூட்டச் சொன்னதும் நீதானே?”

“ஓம், நான்தான். நான் பூட்டினதாலதான் என்ர பிள்ளை அந்தக் குழிக்குள்ள கிடந்தது.”

கொட்டகையைத் திறப்பது என்று சங்கம் முடிவெடுத்தது. லோறன்ஸ் போய்ச் சங்கிலியைக் கழற்றினான், கிரவல் மேட்டுக் கம்பியைப் பற்றியும் காணிக்காரரோடு கதைப்பதாகச் சொன்னான். டிலக்‌ஷன் கழுதைகளைக் கிளப்பிவிட்டுத் தளத்தைக் கழுவினான். சத்தியம் செய்த அன்ரி அதைக் காப்பாற்றுவாள் என்று அவன் கடைசிவரை நம்பவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

வாடைக் காற்று தொடங்கி, ஜெனிற்றாவின் கால் நேராகி, ஒரு பின்னேரம் பிரான்சிஸ்கா வீட்டில் றோசம்மாவோடு கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

“அம்மா, விழுந்திட்டன். முழங்கை உரஞ்சு ரத்தம் வருது. மருந்தெடுத்துக்கொண்டு ஒருக்கா வாங்கோ.”

பிரான்சிஸ்கா எழுந்து அலுமாரியைத் திறந்து மருந்துப் போத்தலை எடுத்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. றோசம்மா அதைக் கண்டுவிட்டாள்.

“பிள்ளை விழுந்திட்டுது எண்டு சொல்லுது, நீ சிரிக்கிறாய்?”

“விழாமல் எந்தப் பிள்ளையும் வளராது றோசம்மா” என்றாள் பிரான்சிஸ்கா, செருப்பைக் கொழுவிக்கொண்டே. “விழுந்தா எங்களுக்கு வந்து சொல்ல வேணும். பிள்ளையளுக்குப் பயத்தைக் காட்டிக் காட்டி, கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் கலைச்சுப்போட்டு, பிறகு காணேல்லை எண்டு ஊரெல்லாம் தேடுறது நாங்கள் விடுற பிழை. என்ர பிள்ளை இண்டைக்கு என்னைக் கூப்பிட்டுது. அது போதும் எனக்கு.”

சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தாள்.