அப்பாவின் விடை

மாட்டுத்தாவணி பக்கம் பைக்கில் போன சுருளியை ஒரு வேன் இடித்துத் தள்ளியதில் மண்டையில் பலத்த அடி. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். டைல்ஸ் பதிக்கிறவன், சுவரைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கல்லில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவான். இப்போது சின்னக் கணக்குகூடப் பிடிபடவில்லை. தினமும் கொஞ்சம் கணக்குப் போடட்டும், மூளைக்கு நல்லது என்றார் டாக்டர்.

மகள் இசைவாணிக்கு அப்போதுதான் பள்ளியில் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆரப்பாளையத்து வாடகை வீட்டில் சாயங்காலமானால் அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். சுருளியின் மனைவி முனீஸ்வரி அடுப்படியிலிருந்து பார்ப்பாள்.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக எவ்வளவு? இரண்டில் ஏழு போகாது. பக்கத்து ஐந்திடம் ஒன்று கடன் வாங்க வேண்டும். அதுவரை சுருளி சரியாக வருவான். கொடுத்த ஐந்து நாலாகிவிட்டது என்பது மட்டும் நினைவில் நிற்காது. முப்பத்தைந்து என்று எழுதுவான். மகளும் முப்பத்தைந்து.

“பாப்பாவும் என்னைய மாதிரியே!” என்று சிரிப்பான்.

ஒருநாள் ஹெப்சிபா டீச்சர் போன் செய்தார். “கிளாஸ்ல எல்லாக் கணக்கையும் சரியாப் போடுறா. வீட்டுப்பாடம் மட்டும் தப்பா வருதும்மா.”

முனீஸ்வரி மகளைக் குழாயடிக்குத் தனியாகக் கூட்டிப்போனாள்.

“தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி தப்பா எழுதுற?”

“நான் சரியாப் போட்டா அப்பா மட்டுந்தான தப்பாப் போட்டவரு ஆயிருவாரு?”

“சரியாவே எழுதுடி. அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு.”

அன்று இசைவாணி இருபத்தைந்து என்று எழுதினாள். சுருளி இரண்டு விடைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பாப்பா போட்டதா சரி?”

“ஆமாங்க” என்றாள் முனீஸ்வரி.

“கெட்டிக்காரி” என்று மகளின் தலையைத் தடவிக் கொடுத்தான். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் கணக்குப் போட வரவில்லை. “நீ படி பாப்பா. அப்பாவுக்குத் தலை வலிக்குது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முனீஸ்வரி மாத்திரையும் தண்ணீருமாகப் போனாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான்.

“நேத்து பாப்பா தலையத் தூக்காதப்பவே புரிஞ்சுபோச்சு. எனக்காகத்தான் முனீஸு அது இம்புட்டு நாளும் தப்பா எழுதிருக்கு” என்றான். “பச்சப்புள்ள. அதுக்குப் போயி இந்தப் பாரத்தக் குடுத்துட்டேனே.”

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகில் கை வைத்தாள். அது குலுங்கிக்கொண்டிருந்தது.