நோயாளியின் பாலைக் குடித்தவர்கள்

கோட்டுச்சேரி மாரியம்மன்மீது ஆணையாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டிச் சொல்லியிருந்தால் சொல்கிறவனுக்கு நாளைக் காலைக் காபி கிடைக்காமல் போகட்டும்.

அன்னபூரணி அடுப்படியில், எத்தனையாவது என்று கணக்கு விட்டுப்போன காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் கணவர் சண்முகசுந்தரத்தை நலம் விசாரிக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். தொண்டைக்குக் கீழே தண்ணீர்கூட இறங்காததால், வயிற்றில் நேராக ஒரு குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பால், சத்துமாவு, முட்டையை வேகவைத்து அரைத்து வடிகட்டிய கஞ்சி எல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வழியாகப் போக வேண்டும். எடை இன்னும் இறங்கினால் நடந்துகொண்டிருந்த கதிர்வீச்சுச் சிகிச்சையை நடுவில் நிறுத்த வேண்டிவரும் என்று டாக்டர் எச்சரித்தும் இருந்தார்.

விசாரிக்கப் போவதில் அந்தப் பக்கத்து ஜனங்களை மிஞ்ச ஆளில்லை. பூவத்திலிருந்து வரும் பேருந்தில் கண்டக்டரே "கேன்சர் வீடெல்லாம் எறங்குங்க" என்றுதான் விசில் ஊதினார். எச்சிலே விழுங்க முடியாதவருக்கு ஒருவர் பாசத்தோடு கைமுறுக்கு வாங்கி வந்தார். ஆப்பிள் உத்தரம்வரை குவிந்துவிட்டதால், நோயாளி எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

உதவிக்கென்று வந்து தங்கியிருந்த நாத்தனார் அமுதம் ஒரு சட்டம் போட்டிருந்தாள். வந்தவர்கள் எதிரில் குழாயில் ஊற்றக்கூடாது.

"நாலு பேரு பாக்க வயித்துல ஊத்துனா கண்ணு பட்டுடும்டி. அவங்க போவட்டும், அப்பறம் ஊத்திக்கலாம்."

"யாரு அண்ணி போறாங்க? ஒருத்தர் செருப்ப மாட்டுறப்ப இன்னொருத்தர் வந்து கழட்டுறாங்க."

"அதுக்காவ வந்தவங்கள வெறும் வாயோட அனுப்புவியா? காப்பியப் போடு."

வந்தவர்களுக்குக் காபி. காபிக்குப் பால். அந்தப் பால், குழாய்க்கென்று வாங்கிய பால். அதைக் குடித்துவிட்டு, மீசையில் நுரையோடு, "அவனுக்கு மட்டும் பாலு குடுத்துடாதம்மா. புத்துக்கு அதுதான் தீனி" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனார்கள். சண்முகசுந்தரம் கட்டிலில் கிடந்து டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் ஏறி நின்றும் எடைக்கருவி யாரும் ஏறாதது போலவே இருந்தது. மின்விசிறிக் காற்று அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் அன்னபூரணி சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வாரம் கதிர்வீச்சு கிடையாதும்மா, ஒடம்பு தாங்காது" என்றார் டாக்டர் கீர்த்திகா. "சாப்பாடு ஏன் போகல?"

"பாக்க வர்றவங்க போனாத்தானே டாக்டர் ஊத்த முடியும்? பாலு வேற நோய்க்குத் தீனிங்கறாங்க."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "பட்டினி போட்டா கட்டி சாகாதும்மா. இவருதான் சாவாரு. இதே மாதிரி போனா நான் திரும்ப ஆரம்பிக்கவே முடியாது."

மறுநாள் காலை, சண்முகசுந்தரத்தின் சித்தப்பா சிவநாதன் துண்டை உதறிப் போட்டு நாற்காலியில் சாய்ந்தார். "பய எப்புடி இருக்கான்? எனக்குச் சக்கர கம்மியா."

அன்னபூரணி பால் சட்டியோடு வந்தாள். கணவரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். குழாயைத் திறந்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சைச் செருகி, வெதுவெதுப்பான பாலை எல்லோர் முன்னிலையிலும் மெல்ல ஊற்றினாள்.

"அடிப்பாவி, கண்ணு!" என்று அமுதம் ஓடி வந்தாள்.

"படட்டும் அண்ணி. பட்டினியவிடக் கண்ணு ஒண்ணும் பெருசா பண்ணிடாது."

"அப்ப காப்பி?" என்றார் சிவநாதன்.

"இன்னயிலேருந்து பாலு இவருக்குத்தான் மாமா. ஒங்களுக்கு வெந்நி வெக்கறேன்."

"முறுக்கு இருக்கு சித்தப்பா, எடுத்துக்குங்க" என்று கட்டிலிலிருந்து கரகரத்த குரல் வந்தது. குழாயைத் தண்ணீர்விட்டு அலசி மூடியபோது சண்முகசுந்தரம் சின்னதாக ஓர் ஏப்பம் விட்டார். அமுதம் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் தான் காவல் காத்தது அவன் பசியைத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தினாள்.

"கேட்டுக்குங்க. வைத்தியத்துல இருக்கறவனுக்குச் சாப்பாடும் ஒரு மருந்துதான். கொழாயில போனாலும் அது சோறுதான், அதுல வெக்கமில்ல. எதக் குடுக்கணும், எதக் குடுக்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லட்டும். அவன் சாப்புடுற நேரத்தத் தள்ளிப்போட வெக்கறவங்க பாக்க வரவே வேணாம்."

வேளைக்கு வேளை சாப்பாடு போனது, எடை ஏறியது, கதிர்வீச்சும் மறுபடி தொடங்கியது.

அதற்கு அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு முன்னைவிட இரண்டு மடங்கு கூட்டம் வந்தது, குழாயில் ஊற்றுவதைப் பார்க்க.