சபாபதிக்கு நான் பிடித்துக் கொடுத்த பள்ளத்தாக்கு

வினோதினிக்குக் காது குத்தியபோது தாய்மாமனான என் மடியில் அவளை உட்கார வைக்கவில்லை. அவள் அப்பன் சபாபதி, என் தங்கை கொளஞ்சியம்மாளின் புருஷன், சிதம்பரத்தில் கோர்ட்டு குமாஸ்தா. அத்தனை வருடம் கோர்ட்டில் இருந்தும் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளாதவன். தங்கை புருஷனை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும், எழுதமாட்டேன். பந்தல் நிறைய ஜனம் இருக்க, "பொய்க்காரன் மடியில எம் பொண்ணு உக்காரமாட்டா" என்று சொல்லிவிட்டு, தன் பெரியப்பா மகனைக் கூப்பிட்டான். என் ஊர் குடிகாட்டிலிருந்து நான் சுமந்துபோன சீர்த்தட்டுதான் என் மடியில் உட்கார்ந்திருந்தது.

முப்பத்தொரு வருடம் காத்திருந்தேன். வினோதினிக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அடுத்த வைகாசியில் அவள் மகளுக்குக் காது குத்து என்றார்கள். அந்த மடி என்னுடையதாக வேண்டும்.

ஆவணியில் சபாபதியே வந்தான். ரிட்டயர் ஆகிவிட்டானாம், இமயமலையில் பத்து நாள் தங்க ஆசையாம். நான் அங்கே ஏழு தடவை போனதை மட்டும் அவன் நம்பியிருந்தான். ஒருமுறை ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்திருந்தேன், கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் வாங்கியது. வடக்கே நான் அதிகபட்சம் போனது விழுப்புரம்.

பதினாறு விடுதிகளுக்குப் போன் போட்டேன். பனி பெய்தால் ரோடு மூடுமா என்று ஒரே கேள்வி. மூடாது என்று பதினைந்து பேர் சத்தியம் செய்தார்கள். ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்: ஐப்பசிக் கடைசியில் மூடினால் சித்திரையில்தான் திறக்கும். ஐப்பசி இருபத்தைந்திலிருந்து அவரிடமே அறை போட்டேன். கொளஞ்சிக்கு முட்டி வலி, மலை ஏறமாட்டாள். சபாபதி பனியில் மாட்டிக்கொண்டு சித்திரை வரை தனியாக உருளைக்கிழங்கு தின்றுகொண்டு என்னை நினைக்கட்டும்.

ரயில் டிக்கெட் இரண்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"எனக்கு இந்தி தெரியாது மச்சான். ஏழு தரம் போன ஆளு, நீங்களும் வாங்க."

போனதில்லை என்றால் பந்தலில் அவன் சொன்னது நிஜமாகிவிடும். பெட்டி கட்டினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி பெய்த பனியில் ரோட்டைக் காணோம், மறுநாள் ஜன்னலையும் காணோம். குடிகாட்டுக் கெமிக்கல் கம்பெனிக் காற்றுக்குப் பழகிய என் மூக்கு, வாசனையே இல்லாத காற்றில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது. டிவி இல்லை, டவர் இல்லை. ஒரே அடுப்பு. எதிரே சபாபதி. எழுந்துபோக அவனுக்கு இடமில்லை.

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

கார்த்திகை முழுக்க, வெள்ளாற்றில் நான் முதலைமேல் ஏறிப் பரங்கிப்பேட்டை போன கதை. மார்கழியில் அதே முதலைக்குப் பல் கட்டியது. தையில் அது கோர்ட்டில் எனக்குச் சாட்சி சொல்ல வந்தது. மாசியில் அவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான், நான் சத்தத்தைக் கூட்டினேன். பங்குனியில் பஞ்சை அவனே எடுத்தான்.

"அந்த முதல கடைசியில என்னா சொல்லிச்சி மச்சான்?"

"வைகாசியில சொல்றேன், மடியக் குடு" என்றேன். அதோடு வாயை மூடினேன். சித்திரை வரை திறக்கவில்லை.

வைகாசியில் சிதம்பரத்துப் பந்தலில், அதே ஜனத்துக்கு முன்னால் சபாபதி எழுந்து நின்றான். "எங்க மச்சான் பொய்யே சொல்லமாட்டாரு. பாப்பா அவரு மடியிலதான் உக்காரும்." வாழ்நாளில் அவன் சொன்ன முதல் பொய். குழந்தை என் மடிக்கு வந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். சபாபதி என் காதோரம் குனிந்தான்.

"இப்பவாச்சும் சொல்லுங்க, அந்த முதல என்னா சொல்லிச்சி?"

"எந்த முதல?" என்றேன்.