இரண்டாம் ஈடு

என் வீட்டுக்காரர் ரொட்டி சுடுகிறவர். ஞாயிறுதோறும் ஆலயத்துக் காணிக்கை மேசைமேல் ஒரு ரொட்டியைக் கொண்டுபோய் வைப்பார். அதுவும் அன்றைக்கு அடுப்பிலிருந்து முதன்முதலில் எடுத்த ரொட்டி. "முதல் பலன் ஆண்டவருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

விறகு அடுப்பில் முதல் ஈடு என்ன லட்சணத்தில் வரும் என்று ரொட்டிக்கடையில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தெரியாதா? அடுப்புத் தளத்தின் சூடு அடங்கியிருக்காது. அடி கருகிவிடும், உள்ளே பிசுபிசுவென்று மாவாகவே இருக்கும். இரண்டாம் ஈடுதான் ரொட்டி. முதல் ஈட்டை நாங்கள் விற்பதே இல்லை.

"நல்லதா ஒண்ணு எடுத்து வச்சா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டால், "வேதத்துல முதல்னுதானே போட்டிருக்கு, ரெண்டாவதுன்னா போட்டிருக்கு?" என்பார்.

"கடைக்கு வர்றவங்க திருப்பிக் குடுத்துடுவாங்க. ஆண்டவர் குடுக்க மாட்டாரு. அதானே உங்க தைரியம்?"

ரொட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மேசைமேல் அதை வைத்துவிட்டு அவர் என்ன வேண்டிக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய அக்கா அவரோடு ஒரு வார்த்தை பேச வேண்டும். அம்மா இல்லாத வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அப்பாவோடு சேர்ந்து அந்த அடுப்படியில் வெந்தவள். அப்பா போன பிறகு ஏதோ ஒரு கோபத்தில் இவர், "இனிமே இது என் அடுப்பு, நீ கிட்ட வராதே" என்று வேலையாட்கள் முன்னால் சொல்லிவிட்டார். மாவுக் கையைக் கழுவிக்கொண்டு போனவள்தான். மகள் வீட்டில் படுத்த படுக்கையான பிறகும், நாங்கள் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"வாரம் தவறாம குடுக்கிறேன், ஆண்டவர் இதைக்கூடச் செய்ய மாட்டேங்கிறாரே" என்று புலம்புவார். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

ஒருநாள் காலையில் போதகரம்மா கடைக்கே வந்துவிட்டார். இரண்டாம் ஈடு அடுப்பில் இருந்தது.

"அக்காவுக்கு ரெண்டு நாளா தண்ணிகூட இறங்கலை. உடனே போய்ப் பாத்துடுங்க" என்றவர், தயங்கித் தயங்கிச் சொன்னார். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. இனி மறைச்சு என்ன ஆகப்போகுது? நீங்க வைக்கிற ரொட்டி வாராவாரம் அவங்களுக்குத்தான் போச்சு. காணிக்கையா வர்ற சாப்பாட்டை நோயாளிகளுக்குக் குடுக்கிறதுதானே நம்ம சபை வழக்கம்."

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"சாப்பிட்டாளா?"

"முதல் தடவை அடியைத் திருப்பிப் பாத்துட்டுச் சிரிச்சாங்க. 'என் தம்பி ஆண்டவருக்கே முதல் ஈட்டைத்தான் குடுக்கிறான், எனக்கென்ன'ன்னாங்க. ஆனா கருகினதைச் சுரண்டிட்டு, டீயில ஊறவச்சு, முழுசையும் அவங்களே சாப்பிடுவாங்க. பேரப்பிள்ளைங்களுக்குக்கூடத் தர மாட்டாங்க. தம்பி கை பட்டதாம்."

ஐயோ, அந்த மனுஷன் நின்ற நிலை! அடுப்பைத் திறந்து வெறுங்கையாலேயே ஒரு ரொட்டியை இழுத்தார். துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

மருந்து வாடை அடிக்கிற அந்த அறையில் அக்கா சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். இவர் துணியைப் பிரித்தார். சூடான ரொட்டி மணம் எழுந்ததும் அவள் மெல்லத் திரும்பினாள்.

"நல்லா வந்திருக்குடா" என்றாள்.

இவர் ஒரு துண்டைப் பிய்த்து அவள் உதட்டருகே கொண்டுபோனார். "ஒரு வாய், அக்கா. ஒரே ஒரு வாய்." அது உதட்டிலேயே நின்று தலையணையில் விழுந்தது.

"இனிமே இறங்காதுடா. நீ சாப்பிடு."

இவர் கேட்டது ஒரு வார்த்தை. ஆண்டவர் தாராளமாகவே கொடுத்துவிட்டார். பாவி மனுஷன், இந்த ரொட்டியை எத்தனை ஞாயிறு கொடுத்திருக்கலாம்!

"சாப்பிடுடா" என்றாள் மறுபடியும்.

அவர் கட்டிலடியில் சின்னப் பிள்ளைபோல் உட்கார்ந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, அழுதுகொண்டே தின்றார். அவள் கண் மூடிவிட்டது தெரிந்தும் நிறுத்தவில்லை.