வெள்ளிக்கிழமை செத்த கார்

வியாழக்கிழமை டுலூத் நகரத்திலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் கார் செத்துப்போனது.

பத்தொன்பது வயதான பிளிமத். அதற்கு முந்தின நாள் வரை அப்பா அதில்தான் மரக்கடைக்குப் போய் வந்தார். திங்கள் காலை எட்டு மணிக்கு நான் டுலூத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நிற்க வேண்டும். மூன்று மணி நேர ஓட்டம். சுரங்கத்தை மூடியபோதே எங்கள் ஊருக்கு பஸ்ஸும் நின்றுபோனது.

“அதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு,” என்றார் அப்பா, சனிக்கிழமை காலை மேஜையில். “நீ ஸ்டார்ட் பண்ணிட்டா வண்டி உனக்கே. எழுதியே தர்றேன்.”

வில்ஹோ சித்தப்பா கறி அடைத்த பேஸ்டியை மென்றபடி சிரித்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அது அவர்களுக்கு நான்கு வருடமாக நல்ல நகைச்சுவை.

“சித்தப்பா, நீங்க சாட்சி,” என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

தம்பி டேல் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். சாவியைத் திருகினான். எஞ்சின் நன்றாகவே சுற்றியது. அப்படியென்றால் பேட்டரியில் குறையில்லை. பற்றிக்கொள்ளத்தான் மறுத்தது.

“பெட்ரோல் வரல போல,” என்று பெடலை மிதித்துக்கொண்டே இருந்தான்.

“மிதிக்காதடா. எஞ்சின் பெட்ரோல்ல மூழ்கிடும்.”

“புத்தகத்துல போட்டிருக்கா, பட்டதாரியக்கா?”

கார்பரேட்டரின் மூடியைக் கழற்றி நெம்புகோலை இழுத்தேன். உள்ளே மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சியது. வேண்டிய மட்டும் வந்திருந்தது. இவன் மிதித்ததில் வேண்டாததும் வந்திருந்தது. ஒரு பிளக்கின் வயரைப் பிடுங்கி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, மறுபடி திருகச் சொன்னேன். பொறி இல்லை. சாவியைப் போட்டபடி விடச் சொல்லி, சோதனை விளக்கின் முனையை, பிளக்குக்குப் பொறி தரும் காயிலில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. காயிலுக்கு மின்சாரமே வரவில்லை.

அப்பா காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். “விடும்மா. விரல்தான் விறைக்கும். டுலூத்ல உனக்கு யார் இருக்கா?”

“வேலை இருக்கு.”

டேலை இறங்கச் சொல்லிவிட்டு, கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்தேன். சாவிக்குப் பின்னாலிருந்து வரும் வயர்கள் எல்லாம் வெளிறிப்போயிருந்தன. ஒன்று மட்டும் நல்ல சிவப்பு. அதன் ஒட்டில் கறுப்பு நாடா, ஹாக்கி மட்டைக்குச் சுற்றுவதுபோல ஒரு சுற்றின் மேல் மறுசுற்று பாதி ஏறியிருந்தது. இப்படிச் சுற்றுகிற கையை எனக்குத் தெரியும். எனக்கு ஐந்து வயதிலிருந்து மட்டை சுற்றித் தந்த கை அது.

வயர் தரைவிரிப்புக்கு அடியில் ஓடி இருக்கைக்குக் கீழே போனது. அங்கே காயிலுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்த ஒரு சின்ன சுவிட்ச். அணைத்து வைத்திருந்தது.

நான் எழுந்தபோது டேல் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உனக்குத் தெரியும்.”

“அக்கா, அது வந்து...”

“யாருடி உனக்குச் சொன்னது?” என்றார் அப்பா.

“வயர் சொல்லுச்சு.”

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “திருட்டுக்குப் பயந்து வச்சது. மான் வேட்டை முகாம்ல பசங்ககிட்ட ஒரு தடவை சொன்னேன்.”

“என்கிட்ட?”

“பொம்பளைங்க முகாமுக்கு வர்றதில்லையே.”

“வர விட்டாத்தானே வர.”

சித்தப்பா வாசலில் இருந்தபடி, “சரி ஐலா, அதான் கண்டுபிடிச்சிட்டியே, தட்டிவிடு,” என்றார்.

நான் தட்டிவிடவில்லை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கத்தரிக் குறடால் அந்தச் சிவப்பு வயரை இரண்டு பக்கமும் வெட்டினேன். பழைய வயரின் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி நாடா சுற்றினேன். சுவிட்சை அப்பாவின் சட்டைப் பையில் போட்டேன். பிறகு பேட்டரியை மாட்டி, டேல் மூழ்கடித்திருந்ததால் பெடலைத் தரையோடு அழுத்திப் பிடித்துத் திருகினேன். இரண்டு முறை தும்மியது. மூன்றாவது முறை உறுமிக்கொண்டு பிடித்தது. கரும்புகை டேலின் முகத்துக்கு நேராகப் போனது.

“சரி, அணைச்சிட்டு உள்ள வா,” என்றார் அப்பா. “சாப்பிட்டுப் பேசலாம்.”

“பேச ஒண்ணும் இல்லப்பா. காகிதத்தைக் கொண்டு வாங்க.”

“விளையாட்டுக்குச் சொன்னேன்டி.”

“நான் விளையாட்டுக்கு ஸ்டார்ட் பண்ணல.”

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தோளைக் குலுக்கி, “சொன்னியே ஆர்வோ,” என்றார்.

நான் இறங்கவில்லை, அணைக்கவுமில்லை. பெட்ரோல் முள் கால் அளவில் இருந்தது. அது தீரும்வரை உட்கார்ந்திருக்கத் தயாராக இருந்தேன். அவ்வளவு நேரம் ஆகவில்லை. அப்பா உரிமைப் பத்திரத்தோடு வந்தார். எஞ்சின் மூடியின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எஞ்சின் அதிர்ந்ததில் எழுத்துகள் கோணலாக விழுந்தன. கோணலானாலும் செல்லும்.