இறங்கினால் செல்லாது

முப்பத்தோரு வருடம் போலந்தின் பியாவிஸ்தோக் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் நான். பெயர் ரெகினா. டிக்கெட் இல்லாத ஆளை எப்படித்தான் கண்டுபிடிக்கிறாய் என்று என் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் கேட்பார். அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. டிக்கெட் வைத்திருப்பவன் நம்மைச் சட்டை செய்யமாட்டான். இல்லாதவன்தான் நம்மைக் கண்டதும் பல்லைக் காட்டி வணக்கம் சொல்வான்.

மூன்றாம் மாடி லரீசா எனக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை வணக்கம் சொன்னாள்.

அவள் பெலாரஸ்காரி, குரோட்னோ ஊர். நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் கட்டிடத்து ஜெனோனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ஜெனோன் ஐம்பது வயதுவரை கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாத ஆள். ஜெர்மனிக்கு லாரி ஓட்டுகிறவன். திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் தலையைக் காட்டுவான். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, பார்க்கவும் லட்சணம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. இவனிடம் எதைக் கண்டு மயங்கினாள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவன் வைத்திருந்த ஒரே நல்ல பொருள் போலந்து பாஸ்போர்ட்.

இன்னொன்றும் உறுத்தியது. நாலு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு சண்டைச் சத்தம் கேட்டதில்லை. நானும் என் புருஷனும் ஒரு உப்பு டப்பாவுக்காக மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். சண்டையே போடாத தம்பதி என்றால் அது குடும்பமா, இல்லை காகிதத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடா என்று சந்தேகம் வரத்தானே செய்யும். எனக்கு வந்தது. வந்ததை நான் விரட்டவும் இல்லை.

அந்த வருடம் ஜூலை வரைக்கும் அவள் மாதம் தவறாமல் அம்மாவைப் பார்க்கக் குரோட்னோ போய் வந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பேருந்தில் இரண்டு பை நிறையக் காப்பிப்பொடியும் மருந்துமாகப் போவாள்; ஞாயிற்றுக்கிழமை வெறும் பையோடு வருவாள். எண்பது கிலோமீட்டர்தான், எங்களுக்குத் தலைநகர் வார்சாவை விடப் பக்கம். ஜூலைக்குப் பிறகு அந்தப் போக்குவரத்து அடியோடு நின்றுபோனது. அங்கே யாருக்கோ பயந்துதான் போகாமல் இருக்கிறாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் அவளுடைய அம்மா இறந்துபோனாள். எனக்குச் சொன்னவர் முதல் மாடியில் இருக்கும் ப்ரோனிஸ்வாவ். அவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், காது மந்தம், மனசு தங்கம். மறுநாள் காலையில் வாசலில் டாக்சி வந்து நின்றது. ஜெனோன் கறுப்புக் கோட்டும் இரண்டு கல்லறை விளக்கும் மலர் வளையமுமாக ஏறி உட்கார்ந்தான். லரீசா வளையத்தின் ரிப்பனைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு நின்று பார்த்துவிட்டு, மாடியேறிப் போய்விட்டாள்.

மாமியார் சாவுக்கு மருமகன் போகிறான், பெற்ற பெண் வீட்டில் இருக்கிறாள். இந்த அதிசயத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

அடக்கம் மறுநாள் மத்தியானம் என்று ப்ரோனிஸ்வாவ் சொல்லியிருந்தார். தரைத்தளத்தில் என் சமையலறை ஜன்னலும் அதற்கு நேர் மேலே அவருடைய ஜன்னலும்தான் கார் கொட்டகைகளின் பின்பக்கத்தைப் பார்க்கும். சரியாக மத்தியானம் லரீசா அங்கே வந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது, கன்னம் சிவந்திருந்தது, ஒரு தடவை சிரிக்கவும் செய்தாள். நான் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலில் நின்று, அவள் போகும்வரை பார்த்தேன். அம்மாவை மண்ணுக்குள் வைக்கிற நேரத்தில் எவனோடு கொஞ்சுகிறாள் இவள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை எல்லைக் காவலிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒரு இளம்பெண், ஒரு மீசைக்காரர். லரீசா நிரந்தரமாக இங்கே வசிக்க உரிமை கேட்டு மனுப் போட்டிருக்கிறாளாம். கல்யாணம் உண்மைதானா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கமாம். நவம்பர் கடைசிக்குள் முடிவு சொல்லிவிடுவார்களாம். உட்காரவைத்து ஆப்பிள் கேக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அதிகாரிகள் என்னிடம் சீட்டைக் காட்டியதுண்டு, அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருக்காங்களாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவன் வீட்டுல இருந்தா சேர்ந்து இருப்பாங்க. அவன் லாரியிலதானே குடியிருக்கான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சாவுக்குப் போகாததைச் சொன்னேன். அதைக் கேட்டபோது அந்தப் பெண்ணின் பேனா அசையவில்லை, அவளுக்கு அது புதுசாகத் தெரியவில்லை. கார் கொட்டகைக்குப் பின்னால் நடந்ததைச் சொன்னதும் பேனா ஓட ஆரம்பித்தது.

"போன்ல பேசினது யாருன்னு தெரியுமா?"

"ஆளை நான் பாக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன், அது பெத்தவங்ககிட்ட பேசுற பேச்சில்ல. அப்படிக் குழையறதுன்னா ஒரு ஆம்பளைகிட்டதான்."

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். முழுப்பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கதவு தட்டப்பட்டது. சங்கிலியை மாட்டியபடியே திறந்து பார்த்தேன். லரீசா ஒரு தட்டோடு நின்றாள். அவித்த கோதுமையில் தேனும் கசகசாவும் போட்டது. அம்மா இறந்து ஒன்பதாம் நாள், அவர்கள் வழக்கப்படி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, பெத்தவ செத்திருக்கா. ஒரு எட்டு போயிட்டு வரக்கூடாதா நீ?"

"போயிடலாம் ரெகினாக்கா. வரத்தான் முடியாது."

கவுனின் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். வீட்டுக்குள்ளேயும் அதைக் கையோடு வைத்துக்கொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒரு பக்கத்தைத் திருப்பி, கதவிடுக்கு வழியாக நீட்டினாள். சிவப்பு மையில் ஒரு முத்திரை, ஓரம் கலங்கியிருந்தது. என் கை பழக்கத்தில் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.

"இங்க தங்கறதுக்கான பழைய அட்டை ஜூலையோட முடிஞ்சுபோச்சு. புதுசுக்கு முடிவு வர்ற வரைக்கும் இந்த முத்திரைதான். இது இருக்கிற வரைக்கும் இங்க இருக்கலாம், வேலை பாக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. எல்லையைத் தாண்டிட்டா இது வெறும் மை. திரும்பி வர மறுபடி விசாவுக்கு நிக்கணும். அது எத்தனை மாசமோ, குடுப்பாங்களோ மாட்டாங்களோ. இவருக்குப் பிரச்சினை இல்ல, அஞ்சு நாளுக்கு விசா இல்லாமலே குரோட்னோ போயிட்டு வரலாம்."

அவள் இவ்வளவு விளக்கியிருக்கவே வேண்டாம். ஊரில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. ஒரு பயணத்துக்கான சீட்டு. வண்டிக்குள் இருக்கும்வரை நீ ராஜா. ஒரு நிமிடம் இறங்கி சிகரெட் வாங்கிக்கொண்டு ஏறினாலும் அது செத்த சீட்டு. 'இறங்கினால் செல்லாது, தெரியாதா உனக்கு?' என்று முப்பத்தோரு வருடம் எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன். இவளுடைய சீட்டு செல்லும். அதைக் காப்பாற்றத்தான் அம்மா செத்த அன்றும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப அன்னிக்கு, கார் கொட்டகை பின்னால..." என்று இழுத்தேன்.

"வீட்டுக்குள்ள சிக்னல் சரியா எடுக்கல அக்கா. அடக்கத்தை இவர் போன்ல காட்டினாரு. பிடிக்கத் தெரியாம கொஞ்ச நேரம் அவரோட ஷூவையே காட்டிட்டு இருந்தாரு, எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் பெட்டிகிட்ட போனைக் கொண்டு போனாரு. அம்மாகிட்ட பேச வேண்டியதை எல்லாம் பேசிட்டேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "நீங்க ஜன்னல்ல நின்னதைப் பாத்தேன். கடைசி வரைக்கும் நகராம நின்னீங்க. நம்ம கூட ஒருத்தங்களாவது நிக்கிறாங்களேன்னு இருந்துச்சு. தூர தேசத்துல இருக்கிற எங்க அக்காகிட்டகூட சொன்னேன், கீழ்வீட்டு அம்மா என்கூட நின்னாங்கன்னு."

சங்கிலியை எடுத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டேன். நான் செய்ததைச் சொல்லவில்லை. அந்தக் கோதுமையை உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக எல்லைக் காவல் அலுவலகத்தில் போய் நின்றேன். சொன்னதை மாற்ற வேண்டும், அது ஆம்பளை இல்லை, அடக்கம் என்றேன். மீசைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், அது என்னுடைய பார்வை.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"அவதான் சொன்னா."

"ஓஹோ. வேற என்ன சொன்னாங்க? ஏதாவது குடுத்தாங்களா?"

நான் பொய் சொல்லிப் பழகாதவள். "குடுத்தா. ஒரு தட்டு கோதுமை" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். ஒன்பதாம் நாள், வழக்கம் என்று நான் விளக்க விளக்க, டிக்கெட் தொலைந்துபோன கதையைச் சொல்கிற பயணியின் குரல் எனக்கு வந்துவிட்டது. அந்தக் கதையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இரண்டு வாக்குமூலங்களையும் சேர்த்துக் கோப்பில் வைப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நவம்பர் போனது, முடிவு வரவில்லை. அவள் அம்மாவின் நாற்பதாம் நாள் சடங்கும் போனது. அதற்குள் முத்திரை அட்டையாக மாறிவிடும் என்று நம்பி, லரீசா பேருந்து நேரமெல்லாம் விசாரித்து வைத்திருந்தாளாம். ஜனவரியில் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்று சாயங்காலம் அவள் நேராக என் கதவுக்குத்தான் வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல். சாட்சிகள் சொன்னது முரண்படுகிறது, அதனால் இன்னும் மூன்று மாதம் அவகாசம் வேண்டும் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள்.

"கொட்டகை பின்னால எவன்கூட பேசுனேன்னு கேக்கறாங்க அக்கா. எவன்கூடன்னு. யாரோ சொல்லியிருக்காங்க." கடிதத்தை என் பக்கம் நீட்டினாள். "அந்தப் பக்கம் ரெண்டே ஜன்னல்தான் இருக்கு. உங்களது ஒண்ணு, அந்தக் கிழவரோடது ஒண்ணு. வணக்கம் சொன்னா காது கேக்காத மாதிரியே நடிப்பாரு, அப்பவே நெனச்சேன். நீங்க எல்லாத்தையும் பாக்கறவங்க. அவர்தானே? சொல்லுங்க."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ப்ரோனிஸ்வாவுக்குக் காதும் கேட்காது, பகையும் புரியாது. அவள் என் பக்கத்திலேயே இருந்திருப்பாள், தட்டும் தட்டுமாகக் கொண்டுவந்து கொடுத்திருப்பாள். அந்த ஒரு விநாடி நான் ஆசைப்பட்டேன் என்பதை ஒளிப்பானேன்.

"அவர் இல்ல," என்றேன். "நான்தான்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிறகு, "எங்க தட்டு உங்ககிட்ட இருக்கு" என்றாள். உள்ளே போய் எடுத்துவந்தேன். வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்திலும் வழக்கம்தான், ஆனால் ஏதாவது வைக்கலாமா என்று கேட்க எனக்கு முகமில்லை. வாங்கிக்கொண்டு மாடியேறிப் போனாள். மறுநாளிலிருந்து வணக்கம் நின்றுபோனது.

மார்ச் முதல் வாரத்தில் சாதகமான முடிவு வந்ததாக ஜெனோன் ப்ரோனிஸ்வாவிடம் சத்தம்போட்டுச் சொன்னது என் காதிலும் விழுந்தது. அட்டை அவள் கைக்கு வந்தது பதினெட்டாம் தேதி. அதற்கு மூன்று நாள் முன்னால், தொற்றுநோய்க்காக எல்லையை மூடிவிட்டார்கள். குரோட்னோ பேருந்து நின்றுபோனது. இனி எந்தத் தடையும் இல்லாமல் போய்வரலாம் என்று எழுதிய அட்டையை வைத்துக்கொண்டு அவளால் எங்கேயும் போக முடியவில்லை. ஜெனோனாலும் முடியவில்லை. நவம்பரில் கிடைத்திருந்தால் குளிர்காலம் முழுக்கப் போய் வந்திருப்பாள். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்காத நாள் இல்லை.

அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் முடிந்து ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை, அவர்கள் சபையில் எல்லோரும் கல்லறைக்குப் போவார்கள். அன்று காலையில் லரீசா கார் கொட்டகைக்குப் பின்னால் வந்தாள். கையில் போன் இல்லை. அங்கே போனைப் பிடித்துக்காட்டத்தான் யாரும் இல்லையே. ஒரு கல்லறை விளக்கை ஏற்றித் தரையில், குரோட்னோ இருக்கும் திசையில் வைத்தாள். நான் ஜன்னலில் நின்றேன். இந்தத் தடவை கூட நிற்கத்தான் நின்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து விளக்கை எடுத்து, காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, என் ஜன்னல் தெரியாத கடைசிக் கொட்டகையின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டாள்.